எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வாழ்வில் ஐயமும் துணிவும்: திருவில்லிபுத்தூர் வைணவ மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தால் கிறித்தவக் கம்பர் என அறியப்படும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடியில் பிறந்து, முப்பதாம் அகவையில் கிறித்தவத்தைத் தழுவியவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவர் அடைந்த நம்பிக்கையையே முதன்மைப்படுத்தினர். அந்நம்பிக்கைக்கு முன்னும் பின்னும் நின்ற ஐயங்களை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரால் சிறப்புற்ற திருவில்லிபுத்தூரின் பக்தி மரபில் ஐயம் பெறும் இடத்தையும், அதே காலத்தில் திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களை உள்ளடக்கிய வடதிருநெல்வேலியில் ஊழியம் செய்த தாமஸ் ராக்லாந்தின் வாழ்வையும் இது ஒப்புநோக்குகிறது. கிருஷ்ண பிள்ளையிடத்து ஐயம் நம்பிக்கையின் பகையாக நில்லாமல் அதற்குரிய வழியாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கிருஷ்ண பிள்ளை, ஐயம், துணிவு, நிர்ணயம், இரட்சணிய யாத்திரிகம், திருவில்லிபுத்தூர், சரணாகதி.

முன்னுரை

தமிழ் அகப்பொருள் மரபு காட்சியை அடுத்து ஐயத்தையும், ஐயத்தை அடுத்துத் துணிவையும் வைக்கிறது. எதிர்ப்பட்ட ஒருத்தியைக் கண்ட தலைவன் இவள் மானுட மகளோ தெய்வமகளோ என ஐயுறுகிறான். பின்னர்ச் சில அடையாளங்களால் தெளிகிறான். காட்சிக்கு உரியது சிறந்த பொருளாக இருக்கும்போதே ஐயம் தோன்றும் என்பது இலக்கணிகளின் கருத்து. எளிய பொருளைக் குறித்து எவரும் ஐயுறுவதில்லை. அளவை நூலாரும் ஐயத்தைக் குற்றமென ஒதுக்காமல், ஆராய்ச்சியின் தொடக்கமாக எண்ணினர். நியாய நூல் கூறும் பதினாறு பொருள்களுள் ஐயம் ஒன்று. இருபுறமும் ஆய்ந்து அதனை நீக்கிப் பெறும் நிர்ணயம் மற்றொன்று.

கிறித்தவ மரபிலும் ஐயத்திற்கு ஓர் இடம் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தன் கண்ணால் கண்டு, காயங்களைக் கையால் தொட்டாலன்றி நம்பேன் என்றிருந்த தோமா, சீடர் கூட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. எட்டு நாள் கழித்து, ஐயுற்ற அவர்க்கெனவே மீண்டும் ஒரு காட்சி வாய்த்தது. அத்தோமாவே தமிழகத்தில் மயிலாப்பூரோடு இணைத்துப் போற்றப்படுபவர்.

இவ்விரு மரபுகளும் சந்தித்த ஒரு வாழ்வாகக் கிருஷ்ண பிள்ளையின் வாழ்வைக் கொள்ளலாம். அவருடைய மனமாற்றத்தை ஒரு நாளின் நிகழ்வாகக் காண்பது பிழை. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் நீண்ட வினாக்களின் முடிவாகவும், பின்னர் நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்த வேறு வினாக்களின் தொடக்கமாகவும் அது அமைந்தது.

1. பிறப்பும் வைணவச் சூழலும்

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மையார். வேளாளர் குலத்தில் வைணவ ஒழுக்கம் பேணிய குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். இராமகாதை ஓதுவதும் அதற்குப் பொருள் விரிப்பதும் அவ்வீட்டின் அன்றாட வழக்கமாக இருந்தன. எனவே கம்பனின் விருத்த ஓசையும் ஆழ்வார்களின் பாசுரங்களும் பாடநூல்களாக அல்லாமல், வீட்டுப் பேச்சின் பகுதியாகவே அவர் செவியில் விழுந்தன. தமிழ் இலக்கண இலக்கியங்களையும் அவர் இளமையிலேயே முறையாகக் கற்றார்.

அக்காலத் திருநெல்வேலிச் சீமை இன்றைய மாவட்ட எல்லைகளைவிடப் பரந்தது. திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அதனுள் அடங்கியிருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோதே அவ்வட்டாரம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பின்னர் 1985இல் அது இன்றைய விருதுநகர் மாவட்டத்துள் அடங்கியது. தாமிரபரணிக் கரையில் நம்மாழ்வார் தோன்றிய ஆழ்வார்திருநகரியும், மேற்குமலை அடிவாரத்தில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூரும் இச்சீமையின் வைணவத்திற்கு இரு நிலைக்களங்கள். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் பிறந்த ஒருவருக்குத் திருமாலடிமை என்பது தெரிந்தெடுத்த கொள்கையாக அன்றிப் பிறப்புரிமையாகவே வந்து சேர்ந்தது. பிறப்பால் வந்த ஒன்றை ஐயுறுவதற்கு அதற்கு வெளியே நிற்க ஓர் இடம் வேண்டும். அவ்விடம் அவருக்குப் பின்னரே வாய்த்தது.

2. திருவில்லிபுத்தூர் மரபில் ஐயம்

வைணவ பக்தி ஐயத்தை அறியாதது எனக் கருதுவது பொருந்தாது. திருவில்லிபுத்தூரை மையமாகக் கொண்ட வரலாறுகளே இதற்குச் சான்று. வீடுபேற்றை அளிக்கும் பரம்பொருள் யாது என்னும் ஐயம் பாண்டியன் வல்லபதேவனுக்கு எழுந்தது என்றும், அதனைத் தீர்ப்போர்க்கெனப் பொற்கிழி ஒன்று கட்டப்பட்டது என்றும், திருவில்லிபுத்தூரில் நந்தவனம் பேணி வந்த விஷ்ணுசித்தர் மதுரை சென்று வாதில் வென்று கிழியைப் பெற்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இது அறிவின் வழி எழும் ஐயம். வினாவும் விடையும் அவையில் பலர் அறிய நிகழ்கின்றன.

அதே வரலாற்றின் அடுத்த பகுதி வேறொரு நிலையைக் காட்டுகிறது. யானைமீது ஊர்வலமாக வந்த விஷ்ணுசித்தர் வானில் இறைவனைக் கண்டார். கண்டதும் வரம் வேண்டாமல், அவ்வடிவழகுக்கு ஏதேனும் தீங்கு நேருமோ என அஞ்சி இறைவனுக்கே காப்புப் பாடினார். எல்லாம் வல்லவனுக்குத் தீங்கு நேராது என்பதை அறிவு அறியும். அன்போ அதனை ஏற்காமல் கலங்கும். இது அன்பின் வழி எழும் ஐயம். இவ்வையமே அவரைப் பெரியாழ்வார் ஆக்கியது என்பது மரபின் துணிபு.

மூன்றாவது ஆண்டாளிடத்துக் காணப்படுவது. நாச்சியார் திருமொழியில் அவள் கண்ணன் வருவானோ வாரானோ எனக் கூடல் இழைத்துப் பார்க்கிறாள். குயிலையும் மேகத்தையும் தூது வேண்டுகிறாள். இறைவன் உண்டா என்பதன்று அவளது ஐயம். தன்னை ஏற்பானா என்பதே. இது பிரிவின் வழி எழும் ஐயம்.

அறிவு, அன்பு, பிரிவு என்னும் இம்மூன்று வழிகளில் எழும் ஐயங்களும் கிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் முறையே தோன்றுகின்றன. வைணவத்தை விட்டு நீங்கியவரின் உள்ளத்தில், வைணவம் கற்பித்த வடிவங்களிலேயே ஐயம் இயங்கியது என்பது கருதத்தக்கது.

3. சாயர்புரம்: அறிவின் ஐயம்

1853ஆம் ஆண்டு சாயர்புரத்தில் இருந்த கிறித்தவக் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல்லின் தேர்வினால் கிருஷ்ண பிள்ளை அப்பணியைப் பெற்றார். இருபத்தாறு அகவை நிரம்பிய வைணவ இளைஞர், கிறித்தவ மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியராக அங்குச் சென்றார். சமயம் மாறும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. புதிய சமயத்தின்மேல் இகழ்ச்சியே இருந்தது. அவர் வளர்ந்த சூழலில் அவ்விகழ்ச்சி புதிதன்று. 1840களில் திருநெல்வேலிப் பகுதியில் கிறித்தவத்திற்கு எதிராக விபூதிச் சங்கம் இயங்கியதை அவர் தலைமுறையினர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் கற்பிப்பவன் நிலை வேறு. கேட்பவன் நிலை வேறு. தம் மாணவர்கள் நாள்தோறும் படித்த நூல்களையும், செய்த வழிபாட்டையும் அவர் அருகிருந்து காண நேர்ந்தது. அதுவரை வெளியே நின்று பழித்த ஒன்றை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அவருடைய நண்பர் தனக்கோடி ராஜுவும், இளவல் முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவத்தை ஏற்றனர். அயலார் சொன்னால் வாதாகத் தோன்றுவது, உடன்பிறந்தவன் சொல்லும்போது வினாவாக மாறுகிறது. அவ்வினாவைத் தவிர்க்க இயலாத நிலை அவருக்கு ஏற்பட்டது.

அவர் எதிர்கொண்ட மைய வினா பாவத்தைப் பற்றியது. செய்த தீவினையைச் சடங்கும் தானமும் தீர்த்தமும் நீக்குமா? நீக்குமெனில் தீவினையாளன் உள்ளம் ஏன் அமைதியுறவில்லை? அருளால் நீங்குமெனில் அவ்வருளுக்கு விலை கொடுத்தவர் யார்? இவ்வினாக்களின் கடைசிப் பகுதிக்கு வைணவம் முன்பே ஒரு விடை வைத்திருந்தது. தன் முயற்சி ஒழிந்து இறைவனையே பற்றும் சரணாகதி நெறி, உயிரின் மீட்புக்கு இறைவனின் அருளையே காரணமாகக் கொள்வது. எனவே அருள் என்னும் கருத்துக்காக அவர் புதிய சமயத்தை நாட வேண்டியிருக்கவில்லை. அவதாரத்தின் நோக்கமே அவர் உள்ளத்தில் வேறுபாட்டை உண்டாக்கியது. தீயோரை அழித்து நல்லோரைக் காக்க வரும் இறைவனை அவர் அறிவார். தீயோர்க்காகத் தான் துன்புற்று இறக்கும் இறைவன் அவருக்குப் புதியவர். தம்மைத் தீயோர் பக்கத்தில் வைத்து எண்ணிய ஒருவருக்கு இவ்வேறுபாடு நூலறிவாக நின்றுவிடாது. அது உயிர்நிலையைத் தொட்டது.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கிருஷ்ண பிள்ளை தம் மனமாற்ற வரலாற்றைத் தம் முதுமையில் எழுதினார். துணிவு பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் ஒருவர் தம் பழைய ஐயங்களை நினைவுகூரும்போது, அவை துணிவை நோக்கி நேராகச் சென்றனவாகவே தோன்றும். ஆகவே அவ்வரலாற்றைப் படிப்போர் அதன் ஒழுங்கை அப்படியே வாழ்வின் ஒழுங்காகக் கொள்ளாமல், இடைப்பட்ட தயக்கங்களுக்கும் உரிய இடம் தருதல் வேண்டும்.

4. துணிவைத் தடுத்தவை: அன்பின் ஐயம்

அறிவு இசைந்தபின்னும் கிருஷ்ண பிள்ளை உடனே திருமுழுக்குப் பெறவில்லை. இவ்விடைவெளியே அவர் வாழ்வின் மிகக் கடினமான பகுதி எனலாம். உள்ளத்தால் ஏற்றுக் கொண்டு புறத்தே பழைய நிலையில் இருந்துவிடலாகாதா என்னும் வினா, அக்காலத்தில் மேல்நிலைக் குடிகளிலிருந்து வந்த ஒவ்வொருவர் முன்னும் நின்றது. மறைவான நம்பிக்கைக்குச் சமூகம் தண்டனை விதிக்கவில்லை. வெளிப்படையான திருமுழுக்குக்கே விதித்தது.

1850ஆம் ஆண்டின் சாதித் தடை நீக்கச் சட்டம், சமயம் மாறியவர் தம் சொத்துரிமையை இழவாதபடி காத்தது. ஆனால் சட்டம் சொத்தைக் காக்கும், பந்தியைக் காக்காது. உறவினர் வீட்டில் உண்ணும் உரிமை, தாய்தந்தையர்க்குச் செய்யும் இறுதிக்கடன், மக்களுக்குக் கொள்வினை கொடுப்பினை ஆகிய யாவும் ஒரே நாளில் அற்றுப்போகும். மேலும், திருநெல்வேலித் திருச்சபையில் அந்நாளில் பெரும்பான்மையோர் நாடார் சமூகத்தினர். வேளாளர் ஒருவர் அச்சபையில் சேர்வது வழிபாட்டு மாற்றத்தோடு முடிவதில்லை. எவருடன் அமர்வது, எவருடன் உண்பது என்பவற்றிலும் மாற்றத்தை வேண்டியது. பிறந்த குடியை இழப்பதும் சேர்ந்த சபையில் அயலவராக நிற்பதும் ஒருங்கே நேரக்கூடிய நிலை அது.

இத்தயக்கத்தைக் கோழைமை என ஒதுக்குவது எளிது. பெரியாழ்வாரிடம் கண்ட அன்பின் ஐயத்தோடு ஒப்பிடும்போது அதன் இயல்பு விளங்கும். தாம் கண்ட மெய்யைக் குறித்த ஐயமன்று இது. அம்மெய்யால் தாம் நேசிப்போர்க்கு என்ன நேரும் என்னும் ஐயம். தமக்கு வரும் இழப்பைத் தாங்கத் துணிந்தவர்கூடத் தம்பொருட்டுத் தாயும் மனைவியும் அடையும் அவமானத்தைத் தாங்கத் தயங்குவர். தம்பியும் முன்பே பிரிந்துவிட்ட வீட்டில் மூத்தவரும் பிரிவது எத்தகைய துயரை விளைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அக்காலக் கிறித்தவர்களிடையே வேறொரு வகை ஐயமும் எழுந்தது. 1857இல் சட்டாம்பிள்ளை என வழங்கப்பட்ட அருமைநாயகம், ஐரோப்பியக் குருமாரின் மேலாண்மையை ஏற்க மறுத்து இந்துக் கிறித்தவச் சபையைத் தனியே நிறுவினார். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலின்மீது எழுந்த சினமும் இப்பிரிவுக்கு ஒரு காரணம். கிறித்துவை ஏற்பது வேறு, அவரை அறிவித்தோரை ஏற்பது வேறு என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. கிருஷ்ண பிள்ளை அவ்வழியில் செல்லவில்லை. ஆனால் அந்நியர் வழியாக வந்த சமயத்தைத் தமிழர் தம் மொழியில் எவ்வாறு தமதாக்குவது என்னும் வினா இருவர்க்கும் பொதுவானது. சட்டாம்பிள்ளை அதற்குத் தனிச்சபை நிறுவி விடை கண்டார். கிருஷ்ண பிள்ளை காப்பியம் இயற்றி விடை கண்டார்.

5. மயிலாப்பூர், 1858

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலியில் திருமுழுக்குப் பெறவில்லை. சென்னை சென்று, மயிலாப்பூரில் உள்ள புனித தோமா ஆலயத்தில் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பெற்றார். முப்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னர் இது நிகழ்ந்தது. ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயர்கள் அவருக்கு இடப்பட்டன. கிருஷ்ணன் என்னும் பெயரையோ பிள்ளை என்னும் குலப்பெயரையோ அவர் நீக்கவில்லை. திருமாலின் பெயரைத் தாங்கியவாறே கிறித்தவராக வாழ்ந்து, அப்பெயராலேயே இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றார். ஐயுற்ற சீடரின் பெயரால் அமைந்த ஆலயத்தில் ஐயம் நீங்கியவர் திருமுழுக்குப் பெற்றது தற்செயல், எனினும் பொருத்தமுடையது.

சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். பின்னர்த் தென்பாண்டி நாட்டிற்கே திரும்பிச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும், சில காலம் திருவனந்தபுரத்திலும் கற்பித்தார். விட்டுச் சென்ற உறவினர் வாழும் நிலத்திற்கே மீண்டு வந்து, அவர்கள் கண்முன் முதுமை வரை வாழ்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

6. வடதிருநெல்வேலியில் ராக்லாந்து: ஒப்பீடு

கிருஷ்ண பிள்ளை சாயர்புரத்தில் ஐயத்தோடு போராடிய அதே ஆண்டுகளில், அச்சீமையின் வடபகுதியில் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து என்னும் ஆங்கிலேயர் ஊர் ஊராகச் சென்று கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டின் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றுக் கல்லூரி ஆய்வாளராக இருந்தவர். சர்ச் மிஷன் சங்கத்தின் சென்னைச் செயலராக இருந்தவர். அப்பதவியின் வசதிகளை விடுத்து, 1854 முதல் டேவிட் பென், இராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் கூடாரம் அமைத்துத் தங்கி, சிவகாசி, திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களின் சிற்றூர்களில் நற்செய்தி கூறினார். தென்திருநெல்வேலிச் சபைகள் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்கள் அவர்களுக்குத் துணையாயினர்.

அவ்வட்டாரம் புதிய சமயத்திற்கு எளிதில் இடம் தரும் நிலமன்று. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் சுற்றுப்புற ஊர்களிலிருந்து காணக்கூடியது. ஆடிப்பூரத் தேரோட்டம் அப்பகுதி மக்களின் ஆண்டுக் கணக்கையே வரையறுத்தது. இராஜபாளையத்தில் குடியேறி வாழ்ந்த தெலுங்கு பேசும் ராஜுக்கள் உட்பட அச்சுற்றுப்புறத்தின் பல குடிகளுக்குத் திருமால் வழிபாடு குலநெறியாக இருந்தது. ராக்லாந்து தம் வாழ்நாளில் அங்குக் கண்ட பலன் மிகச் சிறிது. 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நுரையீரல் நோயால் சிவகாசியில் இறந்தார். கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்று ஆறு மாதமே கடந்திருந்தது.

இருவர் நிலையும் ஒப்பிடத்தக்கன. கிருஷ்ண பிள்ளை முன் நின்ற வினா எது மெய் என்பது. ராக்லாந்து முன் நின்ற வினா பயனற்றதாகத் தோன்றும் பணியைத் தொடர்வது தகுமா என்பது. முன்னையது நம்பிக்கைக்கு வெளியே நிற்பவனின் ஐயம். பின்னையது நம்பிக்கைக்குள் நிற்பவனைச் சூழ்வது. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியே பலன் தரும் என்னும் விவிலியக் கருத்தை ராக்லாந்து தம் பணிக்கு விளக்கமாகக் கொண்டார். காணும் பலனை அளவாகக் கொள்ள மறுத்ததே அவர் கண்ட தீர்வு. திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் கற்றுப் பேசித் திறக்க முயன்ற கதவை, அம்மரபின் மொழியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் பாட்டால் திறக்க முற்பட்டார் என இவ்விரு வாழ்வுகளையும் இணைத்துக் காணலாம்.

7. காப்பியத்துள் ஐயம்: பிரிவின் நிலை

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பரதேசியின் பயணக் கதை தமிழில் உரைநடையாக முன்பே பெயர்க்கப்பட்டிருந்தது. கிருஷ்ண பிள்ளை அதன் முதற்பகுதியைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். நற்போதகம் என்னும் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியம் என்னும் ஐந்து பருவங்களும், இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களைச் சேர்த்து 3,766 பாடல்களும் கொண்டது.

இந்நூலைத் தெரிந்தெடுத்ததே அவர் உள்ளத்தை உணர்த்துகிறது. பனியன் ஐயத்தை நன்கறிந்தவர். 1666இல் வெளியான தம் வரலாற்றில், ஒவ்வொரு மக்களும் தத்தம் மறையையே மெய்யென்கையில் தம் மறை மட்டும் மெய்யென்பது எவ்வாறு என வினவித் தாம் துன்புற்றதை எழுதியவர். இரு சமயங்களையும் உள்ளிருந்து அறிந்த கிருஷ்ண பிள்ளைக்கு இவ்வினா அயலானதன்று. பனியன் கதையில் பயணி, நம்பிக்கை பெற்றுச் சிலுவையைக் கண்டு சுமை நீங்கியபின்னரே ஐயக் கோட்டையில் அகப்படுகிறான். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவனையும் தோழனையும் நிலவறையில் அடைத்துப் புடைக்கிறான். உயிரை மாய்த்துக் கொள்ளத் தூண்டுகிறான். அவர்கள் புதன் முதல் சனி வரை அங்குக் கிடந்து, முடிவில் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பயணி நினைவுகூர, வெளியேறுகின்றனர். திறவுகோல் புதிதாக வரவில்லை, மறக்கப்பட்டிருந்தது. துணிவுக்குப் பின்னும் ஐயம் வரும் என்பதும், அதற்கான மருந்து முன்பு பெற்றதை நினைவுகூர்தலே என்பதும் இக்கதையின் பொருள்.

ஆண்டாளிடம் கண்ட பிரிவின் ஐயம் இங்கு ஒத்து வருகிறது. ஏற்றுக்கொண்ட பின்னும் காணாது தவிக்கும் உள்ளத்தின் நிலை அது. கிருஷ்ண பிள்ளை தம் காப்பியத்தில் கதையோட்டத்தை நிறுத்தித் தேவாரங்களை அமைத்ததற்கு இத்தவிப்பே காரணமாகலாம். பயணியின் கதையைப் படர்க்கையில் கூறி வரும் புலவர், அவ்விடங்களில் தாமே வேண்டுநராக மாறுகிறார். 1899இல் வெளிவந்த இரட்சணிய மனோகரம் அவ்வேண்டுதல்களை முழு நூலாகவே விரித்தது. தம் தகுதியின்மையை முறையிடுவதும், அருளையே பற்றுவதும், விரைந்து வர வேண்டுவதும் ஆகிய அதன் முறைமைகள் ஆழ்வார், நாயன்மார் பாடல்களில் பயின்றவை.

மேலும் ஓர் ஐயத்தையும் இக்காப்பியம் தீர்த்தது. பழைய தெய்வத்தைப் பாடிய மொழியால் புதிய நம்பிக்கையைப் பாடலாமா என்னும் வினா அவர் முன் இருந்திருக்க வேண்டும். கம்பனைத் துறந்திருந்தால் அவர் சமயத்தோடு தாய்மொழியின் உயர்ந்த பகுதியையும் துறந்தவராவார். அவர் துறக்கவில்லை. பனியன் மூலத்தில் இல்லாத அளவுக்கு இயேசுவின் பாடுகளைக் காப்பியத்துள் விரித்துப் பாடியபோது, இளமையில் தந்தையிடம் கேட்ட விருத்தங்களின் நடையே அவருக்குக் கைகொடுத்தது. தந்தையின் சமயத்தை விட்டவர் தந்தையின் தமிழை விடவில்லை.

8. நிர்ணயம்

1898இல் கிருஷ்ண பிள்ளை வெளியிட்ட உரைநடை நூலின் பெயர் இரட்சணிய சமய நிர்ணயம். சமயங்களை ஆய்ந்து மீட்பின் நெறியை நிறுவ முயலும் நூல் அது. நிர்ணயம் என்பது அளவை மரபில் ஐயத்தை முன்னிட்டு நிகழும் ஒன்று எனக் கண்டோம். ஐயமே இல்லாத இடத்தில் நிர்ணயத்திற்கு வேலையில்லை. எழுபதாம் அகவையைக் கடந்த நிலையிலும் அவர் தம் நம்பிக்கையை வெறும் அறிக்கையாகக் கூறாமல், வினாவை எதிர்கொண்ட முடிபாகவே நிறுவ விரும்பினார் என்பதற்கு இப்பெயரே சான்று. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவர் காலத்து இங்கிலாந்தில் ஐயம் வேறு திசையில் சென்றது. டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபின், படித்த கிறித்தவர் பலர் தம் பிறப்புச் சமயத்தில் நிலைகொள்ள இயலாது தவித்தனர். அவர்களுடைய ஐயம் நம்பிக்கையிலிருந்து நம்பிக்கையின்மைக்குச் செல்லும் பாதையாகப் பலர்க்கு முடிந்தது. திருநெல்வேலியில் கிருஷ்ண பிள்ளையின் ஐயம் ஒரு பக்தியிலிருந்து மற்றொரு பக்திக்குச் சென்றது. இறைவன் உண்டென்பதை அவர் எந்நிலையிலும் ஐயுற்றவராகத் தெரியவில்லை. அவ்விறைவன் யார், தம்மை ஏற்பாரா என்பவையே அவர் வினாக்கள்.

முடிவுரை

கிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் ஐயம் மூன்று நிலைகளில் அமைந்தது. சாயர்புரத்தில் பாவமும் அருளும் பற்றி எழுந்தது அறிவின் ஐயம். அதனை அவர் கற்றும் ஒப்பிட்டும் கடந்தார். திருமுழுக்குக்கு முன் குடும்பத்தை எண்ணி எழுந்தது அன்பின் ஐயம். அதனை வாதத்தால் கடக்க இயலாது என உணர்ந்து இழப்பை ஏற்றுக் கடந்தார். பின்னர் நீண்ட காலம் தொடர்ந்தது பிரிவின் ஐயம். அதனை அவர் கடக்க முயலாமல் பாட்டாக்கினார்.

இம்மூன்று வடிவங்களும் திருவில்லிபுத்தூர் மரபில் பாண்டியன் அவையிலும், பெரியாழ்வார் காப்பிலும், ஆண்டாள் கூடலிலும் முன்பே உள்ளவை. எனவே சமயம் மாறுவது முன்னைய மரபை முழுதும் அழித்து எழுதுவது என்னும் பொதுக்கருத்தை அவர் வாழ்வு மறுக்கிறது. ஐயுறும் முறையையும், முறையிடும் முறையையும், சரணடையும் முறையையும் அவர் தம் முன்னோரிடமிருந்தே கற்றிருந்தார். ராக்லாந்தின் வாழ்வோடு ஒப்பிடும்போது, நம்பிக்கைக்கு வெளியே இருப்பவரையும் உள்ளே இருப்பவரையும் ஐயம் ஒருங்கே தொடும் என்பது புலனாகிறது.

காட்சிக்கும் துணிவுக்கும் இடையே ஐயத்தை வைத்த தமிழ் மரபு அதனைத் தாண்டிச் செல்லுமாறு சொல்லவில்லை. அதன் வழியே செல்லுமாறு அமைத்தது. கிருஷ்ண பிள்ளை அவ்வழியே சென்றவர். அவருடைய காப்பியத்தை நம்பிக்கையின் வெற்றிப் பாடலாக மட்டும் கற்பிக்காமல், ஐயுற்ற ஒருவரின் நீண்ட விடையாகவும் கற்பிப்பது அதன் பொருளை மேலும் தெளிவாக்கும்.